எள்ளுச்சோறும் வியன்னாப் பேராசிரியரும்

நேயர்களே, வரலாற்றுக்குள் அரண்மனை வாயிலால் நுழைவதே நமக்குப் பழக்கம். இன்று அடுப்படி வழியாக நுழையலாம் என்று எண்ணுகிறேன். பிள்ளை கருவில் தங்குவதற்கு முன்பே அது ஆணா பெண்ணா என்பதை உணவினால் தீர்மானித்துவிடலாம் என்ற நம்பிக்கை, இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்குக் குறையாத வயதுடையது. இதைப்பற்றிய நூல்களைப் புரட்டத் தொடங்கியபோது, எதைத் தின்னச் சொன்னார்கள் என்பதையே முதலில் குறித்துக்கொண்டு வந்தேன். போகப்போக, யாரைத் தின்னச் சொன்னார்கள் என்பதுதான் என் கவனத்தை இழுத்தது.

கிரேக்க நாட்டில் ஹிப்போக்கிரட்டீஸின் பெயரால் வழங்கும் மருத்துவ நூல்களுள் ஒன்று உணவும் நடைமுறையும் பற்றியது. கி.மு. 400ஆம் ஆண்டை அண்டி எழுந்தது. மனித உடல் நெருப்பும் நீரும் கலந்தது என்பது அந்நூலாசிரியரின் கொள்கை. ஆண் நெருப்பின் பக்கம் சாய்ந்தவன். பெண் நீரின் பக்கம் சாய்ந்தவள். ஆகவே பெண்பிள்ளை வேண்டுமாயின் குளிர்ந்த, ஈரப்பசையுள்ள, மென்மையான உணவுகளை உண்ண வேண்டும்; ஆண்பிள்ளை வேண்டுமாயின் உலர்ந்த, சூடான உணவுகளை உண்ண வேண்டும். இவ்வளவையும் சொல்லிவிட்டு அவர் இன்னொன்றையும் சொல்கிறார். இந்தப் பத்தியம் கணவனுக்கு மட்டுமன்று, மனைவிக்கும் உரியது. ஏனெனில் பிள்ளை இருவருடைய வித்திலிருந்தும் வளர்வது. பெண்பிள்ளை பெறுவதற்கும் இங்கே வழி சொல்லப்பட்டிருப்பதை நேயர்கள் கவனிக்கவேண்டும்.

அவருக்குப் பின்வந்த அரிஸ்டோட்டல், பெண்ணுக்கு வித்தே இல்லை என்றார். தாய் கொடுப்பது மண். தந்தை கொடுப்பது உருவம். தந்தையின் சூடு போதாவிட்டால் பெண் பிறக்கும். வடக்குக் காற்று வீசும்போது ஆண்குட்டிகள் மிகுதியாகத் தரிக்கும் என்று ஆட்டிடையர்கள் சொல்வதையும், குடிக்கும் தண்ணீரின் தன்மையையும் அவர் இதனோடு சேர்த்துப் பேசுகிறார். பெண் என்பவள் ஏதோவொரு குறைபாட்டின் விளைவு என்ற எண்ணத்துக்கு இப்படி ஒரு பெரிய மேதையின் முத்திரை கிடைத்துவிட்டது. அதன் பலனைப் பின்னால் பார்க்கப்போகிறோம்.

நம் பக்கத்து நூல்களுக்கு வருவோம். ஆயுர்வேத முதல்நூல்களுள் ஒன்றாகிய சரக சம்ஹிதையில், உடலைப் பற்றிய பகுதியின் எட்டாம் அதிகாரம் மகப்பேற்றுக்கே ஒதுக்கப்பட்டது. கூடுவதற்கு முன் கணவனுக்கு நெய்யும், இனிப்புச் சுவையுள்ள மூலிகைகள் சேர்ந்த பாலும். மனைவிக்கு எண்ணெயும் உளுந்தும். மாதவிலக்கின் பின் இரட்டைப்பட்ட நாட்கள் மகனுக்கு, ஒற்றைப்பட்ட நாட்கள் மகளுக்கு. ஆணின் சுக்கிலம் மிகுந்தால் ஆண், பெண்ணின் சோணிதம் மிகுந்தால் பெண் என்பது அடிப்படை. உளுந்தும் எண்ணெயும் என்றதும் யாழ்ப்பாணத்து நேயர்கள் சிரித்திருப்பார்கள். பெரியபிள்ளையான பெண்ணுக்கு உளுத்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும் கொடுத்து இடுப்புக்குப் பலம் சேர்க்கும் வழக்கம் நம் வீடுகளில் இருந்துவருவதுதானே. என் பாட்டியார் சரகரைப் படித்தவரல்லர். ஆனால் அவருடைய உளுத்தம்மாப் பேணிக்கும் சரகருடைய அதிகாரத்துக்கும் ஏதோ ஒரு தூரத்து உறவு இருக்கவேண்டும் என்றே நினைக்கத் தோன்றுகிறது.

நம்முடைய திருமூலரோ உணவை விட்டுவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டார். மூச்சு வலப்பக்கம் ஓடினால் ஆண், இடப்பக்கம் ஓடினால் பெண் என்பது திருமந்திரம் தரும் கணக்கு. அது வேறு பாதை. அங்கே இன்று போகவேண்டியதில்லை.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி சரகருக்கும் முந்தியது. பிருகதாரணியக உபநிடதத்தின் ஆறாம் அத்தியாயத்தில், ஆத்மாவையும் பிரமத்தையும் பற்றிய பெரும் விசாரணைகள் எல்லாம் முடிந்தபின், ஒரு சமையற் குறிப்பு வருகிறது. வெண்ணிறமுடைய, ஒரு வேதம் கற்ற மகன் வேண்டுமா? பாற்சோறு. கபில நிறமுடைய, இரு வேதம் கற்ற மகன் வேண்டுமா? தயிர்ச்சோறு. கருநிறமும் செங்கண்ணும் உடைய, மும்மறை கற்ற மகன் வேண்டுமா? தண்ணீரில் ஆக்கிய வெறுஞ்சோறு. எல்லா வேதமும் கற்று, சபைகளை வென்று புகழ்பெறும் மகனுக்கு இறைச்சிச்சோறு. யாவும் நெய்யோடு. இந்த வரிசையின் நடுவிலே, ஒருவிதத் தயக்கமும் இல்லாமல் இன்னொரு குறிப்பு நிற்கிறது. பண்டிதையாகி, முழு ஆயுளும் வாழும் ஒரு மகள் வேண்டுமாயின் எள்ளுச்சோறு ஆக்கி நெய்யிட்டு உண்க.

உண்பது யார்? இலக்கணம் தெரிந்தவர்களுக்கு இங்கே ஐயமில்லை. வடமொழியிலே ஒருமை, பன்மை என்பவற்றுக்கு நடுவில் இருமை என்று ஒன்று உண்டு. அந்த இடத்திலே வினைச்சொல் இருமையில் நிற்கிறது. கணவனும் மனைவியும், இருவரும் சேர்ந்து உண்ணவேண்டும். ஒரே பானை, ஒரே சோறு.

கி.பி. எட்டாம் நூற்றாண்டை அண்டி இதற்கு உரை எழுதிய சங்கரருக்கு இந்தப் பண்டித மகள் இடறலாக இருந்தாள். பெண்ணுக்கு வேதத்தில் உரிமை இல்லை. ஆகவே இவளுடைய பாண்டித்தியம் வீட்டு நிருவாகத்தைப் பற்றியது மட்டுமே என்று அவர் பொருள் சொன்னார். மூலத்தில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. அதே உபநிடதத்தில், சனகனுடைய சபையில் கார்க்கி என்ற பெண் யாக்ஞவல்கியரை மடக்கி மடக்கிக் கேள்வி கேட்கிறாள். அவள் கேட்டவை அடுப்படிக் கேள்விகள் அல்ல. உரையாசிரியரின் தத்துவத்துக்குத் தலைவணங்கும் நான், இந்த ஒரு வரி உரைக்கு வணங்கமாட்டேன்.

இனி, தலைப்பில் சொன்ன பேராசிரியரிடம் போவோம். லியோபோல்ட் ஷெங்க், 1840இல் அக்காலத்து ஹங்கேரியில் பிறந்தவர். வியன்னாவில் கருவியல் நிலையத்தின் தலைவராக இருந்தவர். அவரை ஒரு போலி வைத்தியர் என்று ஒதுக்கிவிட முடியாது. 1878இல், முயலினதும் கினிப்பன்றியினதும் முட்டைகளை உடலுக்கு வெளியே கண்ணாடித் தட்டிலே கருக்கட்டச் செய்ய முயன்ற முன்னோடி அவர். சரியாக நூறு ஆண்டுகளின்பின், 1978 ஜூலையில், இங்கிலாந்திலே லூயிஸ் பிரவுன் என்ற குழந்தை பிறந்து அந்த முயற்சி மனிதரிலும் நிறைவேறியது.

இத்தகையவர் 1898இல் ஒரு சிறு நூலை வெளியிட்டார். தாயின் சிறுநீரில் சிறிதளவேனும் சீனி வெளியேறினால், அவள் உண்ட உணவு உடலிலே முற்றாக எரியவில்லை என்று பொருள். அப்படிப்பட்ட உடலில் முட்டை முழுமையாக முதிர்வதில்லை. முதிராத முட்டை பெண்ணாகும், நன்கு முதிர்ந்த முட்டை ஆணாகும். இதுதான் அவருடைய கோட்பாடு. ஆகவே ஆண்பிள்ளை வேண்டும் பெண், கருத்தரிப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்பிருந்தே இறைச்சி முதலிய புரத உணவுகளைப் பெருக்கி, மாப்பொருளையும் சீனியையும் குறைத்து, சிறுநீரில் சீனி அடையாளமே இல்லாமற் செய்துகொள்ள வேண்டும். அரிஸ்டோட்டலின் 'போதாத சூடு' இரண்டாயிரம் ஆண்டு கழித்து இரசாயனச் சட்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டது. ஒரு மாற்றம் மட்டும் உண்டு. கிரேக்க வைத்தியரும் சரகரும் உபநிடதமும் கணவனையும் பந்தியில் உட்கார வைத்தார்கள். வியன்னாவில் அவனுடைய இலை எடுக்கப்பட்டுவிட்டது. சோதிக்கப்படுவது அவளுடைய சிறுநீர். கட்டுப்படுவது அவளுடைய வாய்.

அந்த ஆண்டிலே ரஷ்யச் சக்கரவர்த்தினி அலெக்சாண்ட்ராவுக்கு இரண்டு பெண்பிள்ளைகள். 1797இல் முதலாம் பவுல் இயற்றிய வாரிசுச் சட்டப்படி, ஆண் வாரிசு ஒருவர் இருக்கும்வரை முடி பெண்ணுக்குப் போகாது. 1899இல் மூன்றாவது பெண், 1901இல் நான்காவது பெண். பிலிப் என்னும் பிரெஞ்சு மந்திரவாதி அரண்மனைக்கு அழைக்கப்பட்டார். அவருடைய வாக்கை நம்பிய அரசி 1902இல் தான் கருவுற்றிருப்பதாகவே எண்ணியிருந்தார், அது பொய்க்கர்ப்பமாயிற்று. 1904இல் மகன் பிறந்தான். தாயின் வழியாக வந்த குருதி உறையாமை நோயோடு பிறந்தான். அந்நோய் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளையே வாட்டுவது.

ஷெங்கின் கோட்பாட்டைச் சக அறிஞர்கள் ஏற்கவில்லை. கண்டனங்கள் பெருகி, 1900இல் அவர் பதவியிலிருந்து ஓய்வுபெற நேர்ந்தது, 1902இல் காலமானார். மூன்று ஆண்டுகள்கூடக் கழிந்திருக்குமோ என்னவோ, 1905இல் அமெரிக்காவிலே நெற்றி ஸ்டீவன்ஸ் என்ற பெண்மணி விடையைக் கண்டுபிடித்தார். பள்ளி ஆசிரியையாக இருந்து பணம் சேர்த்து, முப்பது வயது கடந்தபின் பல்கலைக்கழகம் புகுந்தவர் அவர். அவர் ஆராய்ந்தது, மாவிலே புழுவாக வளர்ந்து வண்டாகும் ஓர் உயிரினம். சமையலறைச் சட்டியிலிருந்தே விடை வந்தது என்று நான் வேடிக்கையாக எண்ணிக்கொள்வதுண்டு. பெண் வண்டின் கலத்தில் இருபது பெரிய நிறமூர்த்தங்கள். ஆண் வண்டில் பத்தொன்பது பெரியவை, ஒன்று சிறியது. விந்துகளில் பாதி பெரியதைச் சுமக்கும், பாதி சிறியதைச் சுமக்கும். முட்டைகள் எல்லாம் ஒரே வகை. பிள்ளை ஆணா பெண்ணா என்பது தந்தையின் வித்திலே தங்கியிருக்கிறது. அதே காலத்தில் வில்சன் என்ற பேராசிரியரும் தனியே இம்முடிவுக்கு வந்தார். மனிதரிலும் ஆண்மையைத் தீர்மானிப்பது அந்தச் சிறிய நிறமூர்த்தமே என்பது 1959இல் உறுதியாயிற்று. ஸ்டீவன்ஸ் அம்மையார் 1912இல், ஐம்பதாவது வயதில், மார்புப் புற்றுநோயால் இறந்துபோனார்.

எங்கள் ஊரிலே ஐந்து பெண்களைப் பெற்ற தாயார் ஒருவர் இருந்தார். அவர் என்ன தின்றார், எந்தக் கோயிலுக்கு நேர்ந்தார் என்று விசாரியாத ஆள் இல்லை. அவருடைய கணவர் மத்தியானம் என்ன கறியோடு சாப்பிட்டார் என்று ஒருவரும் கேட்டதில்லை.

விடை தெரிந்தபின்னும் இந்தப் பத்தியங்கள் ஏன் சாகவில்லை? காரணம் எளிய கணக்கு. அரசி ஆனின் வைத்தியராக இருந்த ஜோன் ஆர்பத்நொட், லண்டன் நகரத்து ஞானஸ்நானப் பதிவுகளை எண்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பார்த்து, ஒவ்வோர் ஆண்டிலும் ஆண்பிள்ளைகளே சற்று மிகுதி என்று 1710இல் எழுதினார். பொதுவாக நூறு பெண்ணுக்கு நூற்றைந்து ஆண் என்பது இயற்கையின் அளவு. ஆகவே நூறு பேருக்கு வெறும் பச்சைத்தண்ணீரைக் கொடுத்து ஆண்பிள்ளை பிறக்கும் என்று சொன்னாலும் ஐம்பத்தொருவருக்குப் பலிக்கும். பலித்தவர்கள் ஊரெல்லாம் சொல்வார்கள். பலிக்காதவர்கள் தங்கள் பத்தியத்தில் எங்கோ பிழை என்று மௌனமாக இருப்பார்கள். இதைப்போலத் தோல்வியே காணாத தொழில் வேறில்லை.

1980இல் பிரான்சைச் சேர்ந்த ஸ்டொல்கோவ்ஸ்கியும் கனடாவைச் சேர்ந்த லொறேனும் உப்பை வைத்து ஒரு முறை சொன்னார்கள். சோடியமும் பொட்டாசியமும் மிகுந்த உணவு ஆணுக்கு; கல்சியமும் மக்னீசியமும் மிகுந்த உணவு பெண்ணுக்கு. அதாவது ஆண் வேண்டுபவள் உப்பிட்ட இறைச்சி, உருளைக்கிழங்கு, வாழைப்பழம் என்று உண்டு பாலைத் தவிர்க்கவேண்டும். பெண் வேண்டுபவள் பாலும் தயிரும் உண்டு உப்பைத் துறக்கவேண்டும். ஏறத்தாழ 80 வீதம் பலித்தது என்றார்கள். ஆனால் சீட்டுக் குலுக்கி இரு பகுதியாக்கி ஒப்பிட்டுப் பார்க்கும் முறை அங்கே கையாளப்படவில்லை. உயர் குருதி அமுக்கம் உள்ள பெண்ணுக்கு அந்த உப்புச் சாப்பாடு என்ன செய்யும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

2008இல் இங்கிலாந்தின் எக்ஸீற்றர் பல்கலைக்கழகத்தார் 740 தாய்மாரைப் பற்றி எழுதினார்கள். கருத்தரிக்கும் காலத்தை அண்டி மிகுதியாக உண்டவர்களில் 56 வீதத்தினருக்கும், குறைவாக உண்டவர்களில் 45 வீதத்தினருக்கும் ஆண்பிள்ளை. காலையில் தானிய உணவு உண்டோருக்கு ஆண் மிகுதி என்ற செய்தி உலகமெங்கும் பரவியது. அடுத்த ஆண்டே ஸ்டான்லி யங் என்ற புள்ளிவிபரவியலாளரும் வேறு இருவரும் ஒரு கேள்வியை எழுப்பினார்கள். கேட்கப்பட்ட உணவுகள் 132. அத்தனை உணவுகளைச் சோதித்தால் தற்செயலாகவே ஏதாவதொன்று பொருந்தி வராதா? கேள்வி நியாயமானது என்றே நான் கருதுகிறேன்.

இவையெல்லாம் வசதி படைத்தோரின் விளையாட்டு என்று சொல்லி முடித்திருப்பேன், வட இந்தியச் செய்திகளைப் படியாதிருந்தால். இந்தியாவிலே கருவின் பாலைக் கண்டறிந்து சொல்வதை 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. கருத்தரிப்பதற்கு முன்பே பாலைத் தெரிவுசெய்யும் முறைகளையும் 2003இல் அதன்கீழ்க் கொண்டுவந்தார்கள். ஆனால் அரியானா போன்ற இடங்களில், ஆண்பிள்ளை தரும் என்று சொல்லிச் சிவலிங்கி விதை முதலியவற்றால் ஆன நாட்டுமருந்துகள் விற்கப்பட்டு வந்தன. 2010களில் நடந்த ஆய்வுகள், அவற்றை உட்கொண்ட தாய்மாரிடையே பிறவிக் குறைபாடுகளும் செத்துப்பிறக்கும் சிசுக்களும் கூடுதலாக இருந்ததைக் காட்டின. அந்த மருந்து பெரும்பாலும் கொடுக்கப்படுவது கருவுற்று ஒன்றரை, இரண்டு மாதத்தில். தந்தையின் விந்து தன் வேலையை முடித்துவிட்டுப் பல வாரங்கள் கழிந்தபின். கொடுப்பவர்கள் வீட்டுப் பெரியவர்கள், குடிப்பவள் மருமகள். கணவனுக்கு அதில் ஒரு மிடறும் ஊற்றுவதில்லை.