காட்டுச்சேவலின் கழுத்து இறகு

இன்னைக்கு விடியக்காலையிலும் சோளக்காட்டு ஓரத்தில காட்டுச்சேவல் கூவிச்சு. அதோட கழுத்து இறகைப் பக்கத்தில பார்த்திருக்கீங்களா? நுனியில மெழுகு சொட்டின மாதிரி வெள்ளையும் மஞ்சளுமா பொட்டு இருக்கும். அந்த அழகுதான் அதுக்கு எமன்.

ஸ்காட்லாந்து ஆறுகளில் சால்மன் பிடிக்கிறவங்க முள்ளில் புழு கோர்க்காமல், இறகும் நூலும் சுற்றிப் பூச்சி மாதிரி கட்டுவாங்க. 19ஆம் நூற்றாண்டில் பேர் வாங்கின ‘ஜாக் ஸ்காட்’ தூண்டிலுக்கு நம்ம காட்டுச்சேவல் இறகுதான் வேணும். கழுத்துத்தோல் அப்படியே கப்பல் ஏறிச்சு. தோல் வாங்க ஆள் வந்த கதையைத் தாத்தா சொல்லுவார்: கறி நமக்கு, கழுத்து வெள்ளைக்காரனுக்கு.

1960களின் பிற்பகுதியில் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. அதுக்கப்புறம் வேறு இறகில் பெயின்ட் பொட்டு வெச்சுக் கட்டினாங்க. மீன் பிடிபடாமலா போச்சு? இங்கிலாந்தில் ஏவன் ஆற்றுக் காவலர் ஃபிராங்க் சாயர், காலுறைக் கிழிசல் தைக்கிற கம்பளி நூலையும் செப்புக் கம்பியையும் முள்ளில் சுற்றியே கிரேலிங் மீன் பிடிச்சவர். வீட்டுத் தையல் பெட்டியில் கிடக்கிற நூலே போதுமா இருந்திருக்கு. அதுக்கா இத்தனை சேவல் செத்துச்சு?

தாத்தா கண்ணி வெச்ச அதே வரப்பில் இப்போ சேவல் என் சோளத்தைக் கொத்துது. விரட்டத்தான் போனேன். கை ஓங்கலை.