வராதவரை எண்ணுதல்: லைக்கோவும் கண் மருத்துவமனைத் திட்டமிடலும்

மருத்துவமனைக்குத் திட்டம் போடுகிறோம் என்றாலே எத்தனை படுக்கை, எத்தனை மாடி, என்ன கருவி என்றுதான் பேச்சு தொடங்கும். வாசல் வரை வராதவர்களை எண்ணி, அங்கிருந்து திட்டத்தைத் தொடங்கும் முறை பிந்தி வந்தது. கண் மருத்துவத்தில் அம்முறை வேரூன்றியதில் மதுரைக்குப் பெரும்பங்கு உண்டு.

1976இல் மருத்துவர் கோ. வெங்கடசாமி, 58 வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, அங்கே 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். இளவயதில் தாக்கிய முடக்குவாதம் விரல்களைக் கோணலாக்கியிருந்தும், கண்புரை அறுவைக்குத் தம் கைகளைப் பழக்கிக்கொண்டவர் அவர். கண்புரை பெரும்பாலும் முதுமையின் நோய். எனவே அந்த 11 படுக்கைகளின் வரலாற்றை முதியோர் மருத்துவத்தின் வரலாறாகவும் படிக்க வேண்டும் என்பது என் கருத்து.

அரவிந்தில் அறுவை அரங்கின் ஒழுங்கில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு மேசையில் அறுவை நடக்கும்போதே பக்கத்து மேசையில் அடுத்த நோயாளி தயாராகப் படுத்திருப்பார். முடிந்ததும் மருத்துவர் நுண்ணோக்கியை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார். சொட்டு மருந்திடுவது, கருவி எடுத்துக் கொடுப்பது முதலான வேலைகளை அதற்கென்றே பயிற்சி பெற்ற பெண்கள் பார்த்துக்கொள்வார்கள். அவர்களில் பலர் சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்கள். மருத்துவரின் ஒரு நிமிடமும் வீணாவதில்லை. பணம் கட்டுவோரிடமிருந்து வந்த வருவாய், கட்ட முடியாதோரின் செலவைத் தாங்கியது.

இந்த ஒழுங்கைப் பிறருக்கும் கற்றுத்தர முடியுமா? 1992இல், செயற்கைக் கண்வில்லை செய்யும் ஆரோலேப் தொடங்கிய அதே ஆண்டில், லயன்ஸ் சங்கத்தின் துணையோடு லைக்கோ என்ற பயிற்சி, ஆலோசனை நிறுவனம் உருவானது. ஆர். டி. துளசிராஜ் அதன் முதன்மைச் சிற்பி. கட்டடமும் கருவியும் இருந்தும் அறுவை எண்ணிக்கை ஏறாமல் தவித்த மருத்துவமனைகளுக்கு வழிகாட்டுவது அதன் முக்கியப் பணிகளில் ஒன்றாயிற்று.

லைக்கோவினர் முதலில் அந்த மருத்துவமனைக்கே போய்ப் பார்ப்பார்கள். பிறகு அங்கிருந்து மருத்துவர், நிர்வாகி, செவிலியர் என ஒரு குழுவாக மதுரைக்கு வருவார்கள். சில நாள் பட்டறையில் தங்கள் பகுதி மக்கள்தொகை, அதில் பார்வை இழந்தோர், இப்போது செய்யும் அறுவைகள் ஆகியவற்றை எதிரெதிரே எழுதிப் பார்ப்பார்கள். இடைவெளி கண்முன் நிற்கும். அதை அடைக்கும் திட்டத்தை அவர்களே எழுதுவார்கள். ஊர் திரும்பிய பின்னும் லைக்கோவின் தொடர்பு விட்டுப்போகாது. தலைவர் மட்டும் வராமல் குழுவாக வருவதையே இம்முறையின் உயிர்நாடியாகக் கருதுகிறேன். முதலில் மறுக்கக்கூடியவர்களும் திட்டம் எழுதும்போது உடனிருக்கிறார்கள். இன்றுவரை 300க்கும் மேற்பட்ட மருத்துவமனைகள் இவ்வழியில் பயன்பெற்றுள்ளன.

ஆனால் ஆலோசனை சொன்னவர்களின் கணக்கிலும் ஓர் ஓட்டை இருந்தது. கிராமப்புறக் கண் முகாம்களை ஆராய்ந்து 1999இல் வெளிவந்த ஆய்வு, கண் குறை உள்ளவர்களில் சுமார் 7 விழுக்காட்டினரே முகாமுக்கு வருவதாகக் காட்டியது. சிகிச்சை இலவசம்தான். ஆனால் பாட்டியைக் கூட்டிவர மகன் ஒருநாள் கூலியை விட வேண்டும். ‘இந்த வயசுல எனக்கெதுக்கு’ என்று அவரே சொல்லிவிடுவதும் உண்டு. இத்தகைய தடைகளை எந்தப் படுக்கைக் கணக்கும் காட்டாது. 2004 முதல் அரவிந்த் திறந்துவரும் பார்வை மையங்கள் இதற்கான விடை. சுமார் 50,000 பேருக்கு ஒன்று என்ற அளவில் அமையும் இம்மையங்களில், பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைச் சோதிப்பார். தொலைவிலுள்ள மருத்துவர் காணொளி வழியே நோயாளியுடன் பேசுவார்.

கண்புரைக்குப் பெரும்பாலும் ஒரு கண்ணுக்கு ஓர் அறுவை போதும். நீரிழிவு விழித்திரை நோயும் கண்ணழுத்த நோயும் அப்படியல்ல. ஆயுள் முழுவதும் திரும்பத் திரும்ப வரவேண்டும். முதல்முறை வராதவரோடு, ஒருமுறை வந்துவிட்டு அடுத்த தவணைக்கு வராமல் போனவரின் பெயரும் இனித் திட்டப் படிவத்தில் ஏற வேண்டியிருக்கிறது.