சீக்கியக் குரவர் கண்ட நாமமும் நாளும்

உயிர்கள் வீடு பெறுதற்கு நாளும் கோளும் துணையாவனவோ, தடையாவனவோ என்னும் வினா சமய உலகில் நெடுங்காலமாக நிகழ்ந்து வருவதொன்று. பாஞ்சால நாட்டிலே தோன்றிய சீக்கிய சமயக் குரவர் இதற்கு அளித்த விடை, முத்தியையும் இறைவன் திருநாமத்தையும் பற்றிய அவர்தம் கொள்கையினின்றும் பிரித்துணரத் தக்கதன்று. அதனை வரலாற்று முறையில் ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

முதற் குரவராகிய நானக்கர் 1469-ஆம் ஆண்டிலே தல்வண்டி என்னும் ஊரிற் பிறந்தார். அவ்வூர் இக்காலத்தில் நானக்கானா சாகிபு எனப்படும். அவர் பிறந்தபொழுது குலபுரோகிதராகிய ஹர்தயாள் என்பார் சாதகம் கணித்துக் குழந்தையின் பெருமையை எடுத்துரைத்தார் என்று, ஜனம் சாக்கிகள் என்னும் பழைய வரலாற்று நூல்கள் கூறும். சோதிடர் வாழ்த்தப் பிறந்ததாகச் சொல்லப்படும் இவரே, கணித்துக் கணித்துச் சாதகம் எழுதும் பண்டிதர் மெய்ப்பொருளை உணர்ந்திலர் என்னும் கருத்துப்பட இராமகலிப் பண்ணிற் பாடினார் என்பது சிந்திக்கத் தக்கது.

அவர் கொள்கைப்படி உயிரைப் பிணித்து நிற்பது யாதெனின், 'ஹௌமை' எனப்படும் செருக்கேயாம். யான் எனது என்னும் பற்று அது. வினை பிறவியைத் தருவதன்றி வீட்டைத் தரமாட்டாது; அதற்கு இறைவனது அருள்நோக்கம் இன்றியமையாதது என்பது அவர் அருளிய ஜப்ஜியின் துணிபு. இனி, நாமம் என்றது வாயாற் சொல்லும் எழுத்தளவில் அமைவதன்று. எங்கும் நிறைந்து நின்று அனைத்தையும் நடத்தும் இறைவனது உண்மையையே அச்சொல் குறிக்கும். அதனை இடையறாது நினைதல் 'நாம சிமரன்' எனப்படும். 'ஹுக்கம்' ஆகிய இறைவன் ஆணையை உவந்து ஏற்பவன், உடம்போடிருக்கும்பொழுதே சீவன்முத்தன் ஆவான் என்று ஐந்தாங் குரவர் அர்ச்சுன தேவர் சுகமணியில் உரைத்தார்.

இங்ஙனமாயின் கோள்கள் என் செய்யும்? அவையும் அவ்வாணையின்கீழ் இயங்குவனவே. உலகு தோன்றிய வேளை, திதி, வாரம், பருவம் என்பவற்றைப் பண்டிதரும் காஜியரும் யோகியரும் அறிந்திலர், படைத்தவனே அறிவான் என்பது ஜப்ஜியிற் காணப்படும் கருத்து. ஆகவே காலத்திற்குத் தலைவன் அவன் ஒருவனே என்பது போதரும். நிமித்தங்கள் இறைவனை மறந்தாரையே பற்றும் என்றார் அர்ச்சுன தேவர்.

அற்றேல், இக்குரவர்கள் கிழமைகளையும் மாதங்களையும் பொருளாக வைத்துப் பாடியது என்னையெனின், கூறுதும். நானக்கர் துக்காரிப் பண்ணிலும் அர்ச்சுன தேவர் மாஜ்ப் பண்ணிலும் 'பாரா மாகா' என்னும் பன்னிரு மாதப் பாடல்களை அருளினர். மூன்றாங் குரவர் அமர் தாசர் ஏழு கிழமைகளின்மேற் பாடினார். ஆயினும் அத்தொகுதியிலேயே, திதிவாரங்களைப் போற்றித் திரிவாரைப் பேதையர் என்று கடிந்தார். மக்கள் சொல்லிப் பழகிய காலப் பெயர்களையே எடுத்து, அவற்றை இறைவனை நினைப்பிக்கும் கருவிகளாக்குதலே அவர்தம் நோக்கம். அருள் பெற்றார்க்குத் தீய நாள் என ஒன்றில்லை என்பதே அர்ச்சுனரது மாதப் பாடலின் முடிபு.

இதற்கு அமர் தாசரது யாத்திரையே தக்க சான்றாம். அபிசித்து நாளில் குருக்ஷேத்திரத்தில் நீராடுதல் பெரும் புண்ணியம் என்று எண்ணி மக்கள் திரளாகக் கூடிய காலத்து, அவர் அங்கே சென்றார். பின்னர் யமுனைக்கும் கங்கைக்கும் சென்றார். அந்நிகழ்ச்சியை அவர்க்குப் பின்வந்த இராம தாசர் ஒரு பாடலில் அமைத்துள்ளார். குருவின் காட்சியே அபிசித்து நீராட்டு என்றும், மக்களை உய்விக்கும் பொருட்டே அவர் தீர்த்தங்களுக்கு எழுந்தருளினார் என்றும், யாத்திரிகரிடம் சுங்கம் கொள்வோர் அவரைப் பின்பற்றிச் சென்றாரைத் தடையின்றி விடுத்தனர் என்றும் அப்பாடலால் அறிகின்றோம். நாளின் சிறப்பை நம்பி வந்தாரை இகழாது, அவர் கூடிய இடத்திற்கே சென்று நாமத்தை வழங்கிய பெருங்கருணை இதனாற் புலனாகும்.

அர்ச்சுன தேவர் முன்னோர் பாடல்களைத் தொகுத்து ஆதி கிரந்தத்தை 1604-இல் நிறைவுறச் செய்தார். அதற்கு இரண்டு ஆண்டுகளின் பின், ஜஹாங்கீர் ஆட்சியில் இலாகூரிலே உயிர்துறந்தார். ஆணையை உவந்தேற்றலே முத்தி என்று பாடியவர், கொடுந்துன்பத்தினூடும் அதனை மெய்ப்பித்தார் என்று சீக்கியர் போற்றுவர். தீய கோளுக்கு அஞ்சிக் கழுவாய் தேடும் உள்ளத்திற்கும் இவ்வுள்ளத்திற்கும் உள்ள வேறுபாடு பெரிது.

பிற்காலத்து வழக்கும் நோக்கற்பாலது. சிரோமணி குருத்துவாரா பிரபந்தகக் குழு 1945-இல் ஏற்றுக்கொண்ட 'ரகித் மரியாதை' என்னும் ஒழுக்க நூல், முகூர்த்தம், நிமித்தம், கோள், இராசி என்பவற்றில் நம்பிக்கை வைத்தலை விலக்குகின்றது. மணநாள் குறித்தற்குச் சாதகம் பார்த்தலும் சமயத்திற்கு மாறாம் என்கின்றது. இங்ஙனம் விதித்து விலக்க வேண்டியிருந்தமையால், அப்பழக்கம் குரவர் காலத்தோடு முற்றும் ஒழிந்திலது என்பது பெறப்படும். மற்று, மாதப் பிறப்புத்தோறும் குருத்துவாராக்களில் அம்மாதத்திற்குரிய பாரா மாகாப் பகுதி ஓதப்பட்டு வருகின்றது. ஆண்டு ஞாயிறு இராசி மாறுதல் வழிபடப்படுவதன்று. இறைவனை நினைத்தற்கு மற்றொரு மாதம் வாய்த்தது என்னும் நன்றியே அங்கு நிகழ்வது.

எனவே, சீக்கியக் குரவர் நாள் என்பதை இல்லையென்றாரல்லர். நாமத்தை நினையாது கழிந்த நாளே தீய நாள் என்றனர் என்று கொள்க.