விசையும் இயக்க விதிகளும்: பேராதனைச் சரிவில்

ஒரு பொருளின் இயக்க நிலையை மாற்றுகின்ற, அல்லது மாற்ற முனைகின்ற தள்ளலோ இழுப்போ விசை எனப்படும். அதற்குப் பருமனும் உண்டு, திசையும் உண்டு. ஒரு கிலோகிராம் திணிவின் வேகத்தை ஒவ்வொரு விநாடியும் விநாடிக்கு 1 மீற்றர் வீதம் கூட்டும் விசை ஒரு நியூற்றன். ஐசக் நியூற்றன் 1687இல் வெளியிட்ட பிரின்சிப்பியா நூலில் இயக்கத்தின் மூன்று விதிகளும் இடம்பெற்றன. பாடசாலையில் இவை பெரும்பாலும் வழுவழுப்பான மேசையும் கப்பியும் கொண்ட கணக்குகளாகவே அறிமுகமாகின்றன. மலையும் ஆறும் புகையிரதமும் ஒன்றுகூடும், கண்டிக்கு அருகிலுள்ள பேராதனையில் அவற்றை மெய்யான அளவுகளோடு படிக்கலாம்.

கொழும்பிலிருந்து 1867இல் கண்டியை எட்டிய புகையிரதப் பாதை, றம்புக்கனைக்கும் கடுகண்ணாவைக்கும் இடையே ஏறத்தாழ 20 கிலோமீற்றர் தூரத்தில் 400 மீற்றருக்கு மேல் ஏறிய பிறகே பேராதனைச் சந்திக்கு வருகிறது. ஏற்றம் 45இற்கு 1, அதாவது 45 மீற்றர் சென்றால் 1 மீற்றர் உயர்வு. நடப்பவருக்கு இது பெரிய ஏற்றமே அல்ல, புகையிரதத்துக்கோ கடினமானது. 300 தொன் வண்டித்தொடர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் நிறை சுமார் 2,940 கிலோநியூற்றன். அதில் 45இல் ஒரு பங்கு, அதாவது 65 கிலோநியூற்றன், வண்டியைச் சரிவு வழியே கீழே இழுக்கிறது. சமதரையில் அதே தொடருக்குச் சில்லுகளும் காற்றும் தரும் தடை 10 கிலோநியூற்றன் அளவில்தான் இருக்கும். எனவே கடுகண்ணாவை ஏற்றத்தில் தேவைப்படும் இழுவை 75 கிலோநியூற்றன்.

பாதையின் நேர்த்துண்டு ஒன்றில் வண்டி மாறாத வேகத்தில் ஏறிக்கொண்டிருந்தால் அதன்மீதான விளையுள் விசை, அதாவது எல்லா விசைகளும் சேர்ந்து தரும் விசை, பூச்சியம். மாணவர் பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். இயந்திரம் உறுமிக்கொண்டு இழுக்கும்போது விசை பூச்சியமென்றால் மனம் ஏற்க மறுக்கிறது. ஆனால் முதலாம் விதி சொல்வது இதையே: இழுவை 75, எதிர்ப்பு 75, இரண்டும் சமனாகிவிட்டதால் வேகம் கூடவுமில்லை, குறையவுமில்லை. ஓய்வும் சீரான இயக்கமும் இவ்விதியின் முன் ஒன்றே.

வண்டியை முன்னே தள்ளுவது எது என்ற கேள்விக்கு மூன்றாம் விதி விடை தருகிறது. சில்லு தண்டவாளத்தைப் பின்னோக்கித் தள்ளுகிறது. தண்டவாளம் அதே அளவு விசையால் சில்லை முன்னோக்கித் தள்ளுகிறது. இந்த உராய்வு இல்லாவிட்டால் எவ்வளவு வலுவுள்ள இயந்திரமும் நின்ற இடத்திலேயே சில்லைச் சுழற்றிக்கொண்டிருக்கும். 1950களில் கொழும்புத் திட்டம் என்ற பன்னாட்டு உதவித் திட்டத்தின் கீழ் கனடா வழங்கிய டீசல் இயந்திரங்கள் 80 தொன்னை அண்டியவை. அத்தகைய இயந்திரமொன்றின் எல்லாச் சில்லுகளும் இழுப்பவை எனக் கொண்டாலும், உலர்ந்த தண்டவாளத்தில் உராய்வுக் குணகம் (நிறையில் உச்ச உராய்வாகக் கிடைக்கும் பங்கு) 0.25 ஆக இருந்தால் கிடைக்கும் உச்ச இழுவை 196 கிலோநியூற்றன். மழைத்தூறலும் நசுங்கிய இலைகளும் சேர்ந்து குணகத்தை 0.1 ஆக்கிவிட்டால் அது 78. தேவையோ 75. இந்த நெருக்கடியில்தான் சில்லுக்கு முன்னால் தண்டவாளத்தில் மணல் தூவுகிறார்கள்.

இறக்கத்தில் இரண்டாம் விதி முன்னுக்கு வருகிறது. விளையுள் விசை என்பது திணிவையும் வேகம் மாறும் வீதமான ஆர்முடுகலையும் பெருக்கி வருவது. சமதரையில் ஒவ்வொரு விநாடியும் வேகத்தை விநாடிக்கு 0.5 மீற்றர் வீதம் குறைக்கும் பிரேக், மணிக்கு 30 கிலோமீற்றரில் ஓடும் வண்டியை ஏறத்தாழ 70 மீற்றரில் நிறுத்தும். 45இற்கு 1 இறக்கத்தில் புவியீர்ப்பு அதில் 0.22ஐத் தின்றுவிடுவதால் அதே பிரேக்குக்கு 120 மீற்றருக்கு மேல் வேண்டும். பயணி கண்ணால் காணாத இந்த 50 மீற்றர் வித்தியாசத்தைச் சாரதி ஒருபோதும் மறக்க முடியாது.

அசையாமல் நிற்பதற்கும் விசைகள் உழைக்க வேண்டும். மகாவலி கங்கையின் குறுக்கே பேராதனையில் 1833இல் கட்டப்பட்ட பாலம் முழுக்க முதிரை மரத்தாலானது. 205 அடி அகலத்தை ஒரே வளைவாகத் தாண்டியது. வளைவின் மீது ஏறும் பாரம் அதன் உறுப்புகளை ஒன்றோடொன்று நெருக்குகிறது, பிரிப்பதில்லை. வளைவின் இரு கால்களும் கரைகளை வெளிநோக்கித் தள்ள, கரைகள் அதே அளவில் உள்நோக்கித் தள்ளின. கரை சற்று விலகியிருந்தாலும் வளைவு தாழ்ந்திருக்கும். 1905இல் புதிய பாலத்துக்கு இடம்விடும் வரை, எழுபது ஆண்டுகளுக்கு மேலாக, வளைவின் மீதான விசைகள் ஒன்றையொன்று சமன்செய்தபடியே இருந்தன. இலங்கைப் பொறியியல் வரலாற்றில் இதைவிட அழகான சமனிலைப் பாடத்தைக் காட்டுவது கடினம்.

உராய்வு பற்றிய ஆய்வில் பேராதனைக்குத் தனி இடமுண்டு. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் குடிசார் பொறியியல் பேராசிரியராகவும் பொறியியல் பீடாதிபதியாகவும் விளங்கிய அழகையா துரைராஜா, கேம்பிரிட்ஜில் களிமண்ணின் வலிமையை ஆராய்ந்தவர். அங்கிருந்த ஆய்வாளர்களான ரொஸ்கோ, ஸ்கோஃபீல்ட் ஆகியோருடன் அவர் 1963இல் வெளியிட்ட கட்டுரை, மண்ணை நசுக்கும்போது செலவாகும் சக்தி துணிக்கைகளுக்கிடையே உராய்வாக எவ்வாறு கழிகிறது என்பதைக் கணக்கிட்டது. நவீன மண்பொறியியலின் அடிப்படை மாதிரிகளில் ஒன்று அதிலிருந்தே வளர்ந்தது. பின்னாளில் அவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார்.

அந்த ஆய்வின் பொருள் கண்டி மலைகளில் ஒவ்வொரு பருவமழையிலும் விளங்கும். சரிவிலுள்ள மண்ணின் நிறையும் புகையிரதத்தின் நிறையைப் போலவே ஒரு கூறால் கீழே இழுக்கிறது. துணிக்கைகளின் உராய்வும் பிணைப்பும் அதைப் பிடித்து வைக்கின்றன. மழைநீர் இறங்கும்போது இரண்டு மாற்றங்கள் ஒருங்கே நிகழ்கின்றன. மண் கனக்கிறது, அத்துடன், இடுக்குகளில் தேங்கும் நீரின் அமுக்கம் துணிக்கைகளை விலக்கி, அவை ஒன்றையொன்று அழுத்தும் விசையைக் குறைக்கிறது. அழுத்தம் குறைந்தால் உராய்வும் குறையும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்கு 24 மணித்தியால மழையை அளவுகோலாகக் கொள்வது இதனால்தான்: 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு, 150ஐத் தாண்டினால் வெளியேற்றம். சரிவு நகரத் தொடங்கிய பின் மண்ணின் தடை மேலும் தளரக்கூடும். இழுப்பு அப்படியே இருக்கும். விளையுள் விசை பெருகும். இரண்டாம் விதிப்படி ஆர்முடுகலும் கூடும். அதற்குப் பிறகு ஓடித் தப்ப நேரமிராது. சுவரில் வெடிப்போ சாய்ந்த மரமோ திடீர் நீரூற்றோ தெரியும்போதே வீட்டைவிட்டு வெளியேறிவிட வேண்டும்.