பொதுவீதியும் தோட்டப்பாதையும்: மலையக வரலாற்றில் ஒரு பொறுப்பு வினா

ஒரு வீதியைச் செப்பனிட வேண்டியவர் யார் என்பது நிர்வாகம் சார்ந்த சிறு வினாவாகவே தோன்றும். ஆயின் நுவரெலியா, ஹட்டன் பிரதேசங்களின் வரலாற்றை நோக்குமிடத்து, ‘பொதுமக்கள்’ என்போர் யாவர் என்ற பெருவினா அதனுள் பொதிந்திருப்பதைக் காண்கிறோம்.

மலைநாட்டு வீதிகள் கோப்பிப் பயிர்ச்செய்கையின் தேவையை ஒட்டியே பெருகின. 1848இல் தேசாதிபதி டொரிங்டனின் ஆட்சி பிறப்பித்த வீதிக் கட்டளைச் சட்டம், ஆண்டொன்றுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்யுமாறு அல்லது அதற்கீடாகப் பணம் செலுத்துமாறு வயதுவந்த ஆண்களைப் பணித்தது. கோப்பி இறங்கும் பாதைக்குக் கண்டிய விவசாயி உடலுழைப்பைத் தர வேண்டியதாயிற்று. அவ்வாண்டு மாத்தளையில் வெடித்த கிளர்ச்சிக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

பிரதான வீதிகள் அரசாங்கத்தின் பொறுப்பில் இருந்தன. கிளை வீதிகளுக்கு அரசாங்கமும் தோட்ட உரிமையாளரும் செலவைப் பகிர்ந்தனர். தோட்ட எல்லைக்குள் லயத்துக்கும் தொழிற்சாலைக்கும் செல்லும் பாதையோ துரைமாரின் தனியுடைமையாகவே இருந்தது.

கிராமத்துப் பாதைகளின் நிலை வேறு. 1871ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தின் வழி உருவான கிராமச் சங்கங்கள் அவற்றைக் கவனித்தன. 1937இல் அச்சங்கங்கள் தொடர்பான சட்டத்தைத் திருத்த அரசாங்க சபை முற்பட்டபோது, இந்தியத் தமிழ்த் தொழிலாளருக்கு வாக்குரிமை மறுக்கப்படுவது குறித்துக் கடும் வாதம் எழுந்தது. முடிவில் இனப்பெயர் அகற்றப்பட்டு, தோட்டத்தில் வதியும் தொழிலாளர் யாவரும் விலக்கப்பட்டனர். சொல் மாறியதேயன்றி விளைவு மாறவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவ்விலக்கை நாடு முழுமைக்கும் விரித்தது. வாக்கில்லாதவனின் பாதைக்குப் பதில்சொல்ல எந்த உறுப்பினருக்கும் தேவை இருக்கவில்லை.

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளிடம் சென்றது. உடைமை கைமாறியபோதும் தோட்டப்பாதை பொதுவீதி ஆகவில்லை.

இன்று ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடமும், சி, டி தர வீதிகள் மாகாண சபைகளிடமும், உள்ளூர்ப் பாதைகள் உள்ளூராட்சி மன்றங்களிடமும் உள்ளன. அவிசாவளையிலிருந்து ஹட்டன் வழியாக நுவரெலியா செல்லும் ஏ-7 வீதி முதற்பிரிவினது. அதிலிருந்து விலகித் தேயிலை மலைக்குள் ஏறும் பாதை பலவிடத்து இம்மூன்றினுள் எதிலும் அடங்குவதில்லை.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு கிராமத்தைக் கருதியே எழுதப்பட்டிருந்தது. சபை நிதியைத் தோட்டத்துக்குள் செலவிட அது தடையாயிற்று. பிரஜாவுரிமை மீண்டு, தொழிலாளர் வாக்களித்து, அவர்தம் பிரதிநிதிகள் சபைகளில் அமர்ந்த பின்னரும், அப்பிரதிநிதிகளால் தம்மைத் தெரிந்தவரின் லயத்துப் பாதைக்குச் சபைப் பணத்தை ஒதுக்க முடியவில்லை.

2018இல் அப்பிரிவு திருத்தப்பட்டது. நுவரெலியா, அம்பகமுவ என்ற இரு பெரும் பிரதேச சபைகளும் ஆறாகப் பிரிக்கப்பட்டு, அவ்வாண்டே தேர்தலும் நடைபெற்றது. இவை போராட்டத்தின் பயன்களே. எனினும் செலவிடலாம் என்ற அனுமதி வேறு. செலவிட்டே ஆகவேண்டும் என்ற கடப்பாடு வேறு. நிலம் அரசினது, குத்தகை கம்பனியினது, வாக்கு சபையினது என்றிருக்குங்கால், ஒவ்வொருவரும் மற்றவரைச் சுட்டுவது எளிது.

பிரசவ வேதனையுற்ற பெண் லயத்திலிருந்து வைத்தியசாலைக்குச் செல்வதும், பிள்ளை பாடசாலைக்கு நடப்பதும் இப்பாதையிலேதான். தோட்டப்பாதை சட்டப்படி பொதுவீதியாக ஏற்கப்பட்டு, அதற்குரிய நிதியும் ஒதுக்கப்படும்போதே மலையக மக்களின் பிரஜாவுரிமை முழுமை பெறும் என்பது எமது துணிபு.