மாமாவை வெட்டாத பாட்டு

காசிமேட்டில் கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டிருந்தவர் பக்கத்தில், ஐஸ் பெட்டி மேல் ஒரு செல்போன் பாடிக்கொண்டிருந்தது. ‘கொலவெறி’ பாட்டு. வலையின் ஒரு பக்கத்தைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்து, ஊசியைக் கண்ணி கண்ணியாக ஓட்டிக்கொண்டிருந்தார். தனுஷ் ‘மாமா’வைக் கூப்பிட்டுப் பேசும் இடம் வந்தது.

“ஸ்டூடியோப் பேச்சையும் பாட்டுல வெச்சுட்டாங்க பாருங்கண்ணே” என்றேன், ஏதோ கண்டுபிடித்தவன்போல.

ஊசி நிற்கவில்லை. “வாசிக்கிறவன்கைல பேசாம எப்டி நைனா பாட்றது?”

அவர் சொன்னது கானா வழக்கம். சாவு வீட்டில் விடிய விடியப் பாடுகிறவர் நடுவிலேயே டோலக் வாசிப்பவரை அதட்டுவார், வேகம் கூட்டச் சொல்வார், எதிரே இருப்பவனை வம்புக்கு இழுப்பார். எல்லாமே பாட்டில் சேர்த்திதான்.

சினிமா ரெக்கார்டிங் அப்படியா? பல டிராக்குகளில் தனித்தனியாகப் பதிவு செய்யும் வசதி வருவதற்கு முன், பாடகர், கோரஸ், வயலின், தபேலா எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே டேக்கில் முடிக்க வேண்டும். ஒருவர் சறுக்கினாலும் எல்லாரும் முதலிலிருந்து. சிரிக்கக்கூட பயமாக இருந்திருக்கும்.

அந்தப் பயமெல்லாம் போன காலம். 2011-இல் ‘3’ படத்துக்கு ஒரு காதல் தோல்விப் பாட்டு, ஆனால் அழுகை இல்லாமல் வேண்டும் என்று இயக்குநர் ஐஸ்வர்யா கேட்டார். இசையமைப்பாளர் அனிருத்துக்கு அதுதான் முதல் படம். மெட்டுக்குச் சுமார் 5 நிமிடம், தனுஷ் வரிகள் எழுதச் சுமார் 20 நிமிடம் என்று அப்போதே பேட்டிகளில் வந்தது. ஆங்கிலச் சொல்லின் வாலில் எல்லாம் ஓர் ‘உ’ ஒட்டிய பாஷை. எழுதிய கையோடு மாதிரிக்குப் பாடுகிறவர் மைக் முன் விறைத்து நிற்பாரா? பாடப்போவது என்ன ரகம் என்று பையன்களிடம் முதலிலேயே அறிவித்துவிடுகிறார். பேண்டு வாத்தியத்தை வாயாலேயே ஊதிக் காட்டி, ஒழுங்காக வாசிக்கச் சொல்கிறார். எண்ணிக்கை போடுகிறார். மெட்டு மாறப்போவதையும் சொல்லிவிட்டுத்தான் மாற்றுகிறார். நோட்ஸோடு மாமா நொறுக்குத்தீனியும் எடுத்துக்கொள்ள வேண்டுமாம்! எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

மாதிரிப் பதிவு இணையத்தில் கசிந்தது. வேறு வழியில்லாமல் 2011 நவம்பர் 16 அன்று, ஸ்டூடியோவில் எடுத்த வீடியோவோடு முறைப்படி வெளியிட்டார்கள். மாமா அதிலும் இருந்தார்.

வெளிநாட்டிலும் இந்தக் கூத்து உண்டு. ‘தி போலீஸ்’ குழுவின் 1978 பாட்டான ‘ராக்ஸான்’ தொடக்கத்தில் ஒரு கோணல் பியானோ ஒலி, பிறகு சிரிப்பு. பியானோ மூடியிருக்கிறது என்று நினைத்துப் பாடகர் ஸ்டிங் அதன் கட்டைகள் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அது விபத்து, நம்முடையது வாய்.

அந்த வாயைத்தான் பிறகு மெல்லிசை மேடைகளில் மனப்பாடம் பண்ணிவிட்டார்கள். எண்ணிக்கை முதல் நொறுக்குத்தீனி வரை ஒரு சொல் பிசகாமல் ஒப்பிப்பார்கள். பக்கத்தில் கீபோர்டு வாசிப்பவரிடம் சொந்தமாக ஒரு வார்த்தை பேசிப் பாடிய ஆளை நான் பார்த்ததில்லை.

செல்போனில் பாட்டு மறுபடி முதலிலிருந்து ஓடியது. எண்ணிக்கை வரும் இடத்தில் வலைக்காரர், தலை நிமிராமல், அதே தாளத்தில் மகனை டீ வாங்கிவரச் சொன்னார்.