ஜுரு வட்டாரமும் அமெரிக்க வெளியுறவுக் கொள்கையும்

ஜுரு, பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையில், புக்கிட் மின்யாக் தொழிற்பேட்டைக்கு அருகே உள்ள ஊர். அமெரிக்க வெளியுறவுக் கொள்கை இந்த வட்டாரத்தையும் தொட்டிருக்கிறது, ஆனால் பாடநூல்கள் சொல்லும் வழியில் அல்ல. அக்கொள்கையின் வரலாற்றை அவை அதிபர்களின் கோட்பாடுகளாக அடுக்கும்: 1823-இல் மன்றோ, 1947-இல் ட்ரூமன், 1969-இல் நிக்சன். ஐரோப்பியர் அமெரிக்கக் கண்டங்களில் தலையிடக் கூடாது, பொதுவுடைமையைப் பரவ விடக் கூடாது, ஆசிய நட்பு நாடுகள் தங்கள் பாதுகாப்பைத் தாங்களே முன்னின்று பார்த்துக்கொள்ள வேண்டும் என்பவை முறையே அக்கோட்பாடுகளின் சாரம். ஆனால் தோட்டமும் தொழிற்சாலையுமாக வளர்ந்த செபராங் பிறையில் மக்களின் கூலியையும் வேலையையும் அதிகமாக அசைத்தவை வாஷிங்டனின் கையிருப்புச் சட்டம், சுங்கவரி அட்டவணை, ஏற்றுமதித் தடை ஆகியவையே. வெளியுறவுக் கொள்கையின் பின்னிணைப்பாகக் கருதப்படும் இவற்றை அதன் முதன்மைக் கருவிகளாகவே கொள்ள வேண்டும்.

1942-இல் மலாயாவும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளும் ஜப்பானியர் கைக்குப் போனதும், அமெரிக்கா தனக்கு வந்துகொண்டிருந்த இயற்கை ரப்பரில் சுமார் 90 விழுக்காட்டை இழந்தது. அரசே பணம் போட்டுச் செயற்கை ரப்பர் ஆலைகளைக் கட்டியது. மறுபடியும் அப்படிச் சிக்கிக்கொள்ளக் கூடாது என்று, போர்க்காலத்துக்கு இன்றியமையாத பொருள்களைச் சேமித்து வைக்க 1946-இல் சட்டம் வந்தது. கொரியப் போர் மூண்டதும் கொள்முதல் சூடுபிடித்தது. 1949-இல் ராத்தல் 40 காசுக்கும் கீழே கிடந்த ரப்பர், 1951 தொடக்கத்தில் 2 வெள்ளியைத் தாண்டியது. அதே ஆண்டு மே மாதம், அமெரிக்காவின் முயற்சியால், சீனாவுக்குப் போர்ப்பயனுள்ள பொருள்களை அனுப்ப ஐ.நா. தடை விதித்தது, மலாயா ரப்பருக்குச் சீனச் சந்தை அடைபட்டது. பின்னர், கையிருப்பு தேவைக்கு மிஞ்சிவிட்டது என்று கருதிய வாஷிங்டன் 1960-களில் அதை விற்றபோது, விலை சரிகிறது என்று கோலாலம்பூர் முறையிட்டது. தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் முதலாளிகளோடு செய்துகொண்ட ஒப்பந்தங்களில் கூலி ரப்பர் விலையோடு பிணைக்கப்பட்டிருந்தது. விடியலுக்கு முன்பே நெற்றி விளக்கோடு பால்மரம் வெட்டப் போன தமிழரின் சம்பளத்தில் அமெரிக்கக் கிடங்கின் கணக்கும் சேர்ந்திருந்தது.

இது சந்தையின் ஏற்ற இறக்கம்தானே, இதில் கொள்கை எங்கே வந்தது என்று கேட்கலாம். விலை ஏறி இறங்குவது இயல்பு. எவ்வளவு வாங்குவது, எப்போது விற்பது, யாருக்குப் போகக் கூடாது என்பதை ஓர் அரசு தன் பாதுகாப்பைக் காரணம் காட்டி முடிவுசெய்தால், அது கொள்கைதான். இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அமெரிக்கா வியட்நாமில் போரிட்டதால்தான் தென்கிழக்காசியாவுக்கு நிலைபெற அவகாசம் கிடைத்தது என்று சிங்கப்பூர்ப் பிரதமராக இருந்த லீ குவான் யூ வாதிட்டார். அதை முழுதாகத் தள்ளிவிட முடியாது. ஆயினும் அமெரிக்கா முன்னின்று அமைத்த சியாட்டோ என்ற படைக்கூட்டணியில் மலாயா சேரவே இல்லை. ஜுருவுக்கு வடக்கே பட்டர்வொர்த் தளத்தில் நின்றவை ஆஸ்திரேலியப் போர்விமானங்கள். 1971-இல் உருவான ஐந்து நாட்டுத் தற்காப்பு ஏற்பாட்டிலும் அமெரிக்கா இல்லை. படைக்கூட்டணியை எட்டத்தில் வைத்த மலேசியாவால் அமெரிக்கச் சந்தையை அப்படி வைக்க முடியவில்லை.

அடுத்த திருப்பம் சுங்கவரி அட்டவணையிலிருந்து வந்தது. அமெரிக்க உதிரிபாகங்களை வெளிநாட்டில் பொருத்தித் திரும்பக் கொண்டுவந்தால், அங்கே கூடிய மதிப்புக்கு மட்டும் வரி கட்டினால் போதும் என்றது 807.00 என்ற இனம். 1969-இல் தீர்வையற்ற துறைமுகத் தகுதியை இழந்து வேலையின்மையில் தவித்த பினாங்குக்கு இது நல்வாய்ப்பு. அதைப் பிடித்துக்கொண்டவர் முதலமைச்சர் லிம் சோங் யூ. அந்தப் பெருமை அவருடையதே. 1972-இல் அமெரிக்கச் சில்லு நிறுவனமான இன்டெல் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாசுக்கு வந்தது, பெருநிலத்தில் பிறையும் தொழிற்பேட்டையானது. தோட்டத்து லயங்களின் பெண்கள் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறினார்கள்.

ஜுருவுக்குத் தெற்கே, ஒரு காலத்தில் தோட்டமாக இருந்த பத்து காவானில், இன்று அமெரிக்கச் சில்லு நிறுவனமான மைக்ரானின் ஆலை நிற்கிறது. 2018-க்குப் பிறகு சீனாமீது அமெரிக்கா சுமத்திய வரிகளால் பல நிறுவனங்கள் பினாங்கை நாடின. அந்த வகையில் இவ்வட்டாரத்துக்கு ஆதாயமே. ஆனால் அதே கருவி இந்தப் பக்கமும் திரும்பும். 2025 ஏப்ரலில் மலேசியப் பொருள்களுக்கு 24 விழுக்காடு வரி அறிவிக்கப்பட்டது. ஆகஸ்டில் அது 19 ஆனது. குறைகடத்திகளுக்கு விலக்கு இருந்தது. இடையில் ஜூலை 14 அன்று, அமெரிக்க உயர்திறன் செயற்கை நுண்ணறிவுச் சில்லுகளை மறு ஏற்றுமதி செய்ய அனுமதி பெற வேண்டும் என்று மலேசியா விதித்தது. அக்டோபர் 26 அன்று கோலாலம்பூரில் அமெரிக்க அதிபர் டிரம்பும் மலேசியப் பிரதமர் அன்வார் இப்ராஹிமும் கையெழுத்திட்ட வர்த்தக ஒப்பந்தம் இன்னும் ஒருபடி மேலே போனது. பொருளாதாரப் பாதுகாப்பு கருதி மூன்றாம் நாடொன்றின்மீது அமெரிக்கா கட்டுப்பாடு விதித்தால், மலேசியாவும் நிகரான நடவடிக்கை எடுக்க வேண்டும் அல்லது அதற்கான காலவரையறைக்கு இணங்க வேண்டும் என்கிறது அதன் ஐந்தாம் பிரிவு. இரு நாட்டுக்கும் பொதுவான கவலைகளுக்கே இது பொருந்தும் என்பது அரசின் விளக்கம். எது பொதுவான கவலை என்பதை வரையறுக்கும் உரிமையை மலேசியா எவ்வளவு உறுதியாகப் பிடித்துக்கொள்கிறதோ, அந்த அளவுக்கே அந்த விளக்கத்துக்குப் பலம் உண்டு.